நின்றாரா, நிறுத்தினார்களா?

வேலை போனதைச் சொல்ல நம் தெருக்களில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. "நின்னுட்டான்", "வேலை போச்சு", "கணக்கு முடிச்சுட்டாங்க", "வர வேண்டாம்னுட்டாங்க", "கூப்பிடறதில்ல", "சும்மாதான் இருக்கான்". காதில் கேட்கும்போது எல்லாம் ஒரே துயரத்தின் வெவ்வேறு பெயர்கள்போலத் தோன்றும். தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனால் அப்படி இல்லை. இவற்றில் ஒரு சொல்லுக்கு இழப்பீடு உண்டு. இன்னொரு சொல்லுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. ஒரு சொல் முதலாளியைப் பதில் சொல்ல வைக்கும். இன்னொரு சொல் தொழிலாளியே விட்டுவிட்டுப் போனதாக ஆக்கிவிடும்.

பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்போம். 'நின்றான்' தன்வினை, 'நிறுத்தினான்' பிறவினை. தேர்வில் அதற்கு ஒரு மதிப்பெண்தான். ஒரு தொழிலாளியின் வாழ்க்கையில் அந்த வேறுபாட்டுக்குப் பல மாதச் சம்பளம் விலை. "மில்லுல நின்னுட்டேன்" என்று சொல்கிறவரிடம் இரண்டு நிமிடம் பேசிப் பாருங்கள். மேற்பார்வையாளர் வாயிலில் மறித்து, "நாளையிலிருந்து வராதே" என்று அனுப்பியிருப்பார். நிறுத்தப்பட்டவர், தானே நின்றதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இது பேச்சுவழக்கு மட்டும் இல்லை. வேலை கொடுப்பதும் எடுப்பதும் மேலே இருப்பவரின் விருப்பம், கேள்வி கேட்க நமக்கு இடமில்லை என்று தலைமுறைகளாகப் பழக்கப்பட்டதன் மிச்சம் அது. மழை நின்றது, வண்டி நின்றது என்பதுபோல வேலையும் தானாக நின்றுவிட்டதாகப் பேசுகிறோம். நிறுத்தியவர் வாக்கியத்துக்குள் வருவதே இல்லை.

தாளில் எழுதும் சொற்கள்

நிர்வாகம் இந்த விஷயத்தில் சொற்களை அளந்துதான் பயன்படுத்தும். நாமும் அவற்றின் பொருளைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

ஆட்குறைப்பு: தண்டனையாக இல்லாமல், வேறு காரணத்துக்காக நிர்வாகம் தொழிலாளியை வேலையிலிருந்து எடுப்பது. ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அதோடு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. 12 மாதத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அது ஒரு வருடத் தொடர்ச்சியான வேலைதான். வழக்கமாக, ஒரே வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் குறைக்க வேண்டும். "காலனிப் பையன்களை மட்டும் எடுத்துட்டாங்க" என்ற புகார் வரும் இடங்களில் இந்த வரிசை முறை மிக முக்கியம்.

லே-ஆஃப்: ஐ.டி. நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானவர்களை அனுப்பும்போது செய்திகளில் இந்தச் சொல் அடிபடுகிறது. நம் நாட்டுத் தொழிலாளர் சட்டத்தில் இதற்குப் பொருள் வேறு. மின்சாரம் இல்லை, மூலப்பொருள் இல்லை, இயந்திரம் பழுது, சரக்கு தேங்கிவிட்டது போன்ற காரணங்களால் நிர்வாகம் தற்காலிகமாக வேலை தர முடியாத நிலை அது. தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் இருக்கும். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலையில், ஒரு வருடம் முடித்த நிரந்தரத் தொழிலாளிக்கு அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி உண்டு. "கரண்ட் இல்ல, போயிட்டு அடுத்த வாரம் வா" என்று அனுப்பினால், அது வேலை போனது இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பணிநீக்கம்: தவறு செய்ததாகக் குற்றம்சாட்டி, தண்டனையாக நீக்குவது. இதற்குக் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், விசாரணை நடத்த வேண்டும். "பத்து நாள் வரல, அதனால பேரை அடிச்சுட்டோம்" என்று சொல்வதும் இதற்குள்தான் வரும். அனுமதி இல்லாமல் வராததால் ஒரு தொழிலாளி தானாக வேலையை இழந்துவிட்டார் என்று நிறுவனம் சொன்ன வழக்கில், விளக்கம் கேட்காமலும் விசாரணை இல்லாமலும் பெயரை நீக்கியது செல்லாது என்று 1993இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இடைநீக்கம்: சஸ்பெண்ட் என்று நாம் சொல்வது. விசாரணை முடியும்வரை ஒதுக்கி வைப்பது. அந்தக் காலத்துக்குப் பிழைப்பூதியம் உண்டு. முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் பாதி.

விலகல்: தொழிலாளி தானே எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது. இதற்கு ஆட்குறைப்பு இழப்பீடு இல்லை. அதனால்தான் பல இடங்களில், "சொந்தக் காரணங்களுக்காக வேலையை விட்டு விலகுகிறேன்" என்று அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு, "கையெழுத்துப் போட்டால்தான் பாக்கிச் சம்பளம்" என்கிறார்கள். "கணக்கு முடிச்சுட்டாங்க" என்று வீட்டுக்கு வந்து சொல்லும் பெண்களில் எத்தனை பேர் அந்தத் தாளை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்? அந்த ஒரு வரி நிறுத்தப்பட்டவரை நின்றவராக மாற்றிவிடுகிறது. செய்த வேலைக்கான பாக்கிச் சம்பளத்தைத் தர எந்த விலகல் கடிதமும் தேவையில்லை.

ஆட்குறைப்பு, லே-ஆஃப் பற்றி மேலே சொன்ன அளவுகள் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்தவை. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இவை தொடர்கின்றன. ஆனால் இரண்டு மாற்றங்கள் தொழிலாளிக்குப் பாதகமானவை. ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வாங்க வேண்டிய தொழிற்சாலைகளின் அளவு 100 பேரிலிருந்து 300 பேராக உயர்ந்துவிட்டது. வேலையிலிருந்து எடுக்கப்பட்டவர் தீர்ப்பாயத்துக்குப் போக முன்பு 3 ஆண்டு அவகாசம். இப்போது 2 ஆண்டு.

சொல்லுக்கு உரிமை வந்தால் சொல் மறைகிறது

சொற்களைக் கற்றுக்கொண்டால் மட்டும் போதுமா? போதாது. எந்தச் சொல்லுக்குச் சட்டம் உரிமை கொடுக்கிறதோ, அந்தச் சொல்லைக் கைவிட்டுவிட்டு வேறு சொல்லுக்கு மாறுவது முதலாளிகளின் பழைய வழி. தமிழ்நாட்டிலேயே இதற்குச் சாட்சி உண்டு.

1952இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்று குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கம்யூனிஸ்டுகள் தலைமையில் விவசாயத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டங்களின் விளைவு அது. பண்ணையாட்களில் பெரும்பாலோர் தலித்துகள். கூலியை வரையறுத்த அந்தச் சட்டம், நினைத்த நேரத்தில் பண்ணையாளை விரட்டவும் தடை போட்டது. பிறகு என்ன நடந்தது? நிலவுடைமையாளர்கள் பலர் பண்ணையாள் வைப்பதையே விட்டார்கள். அதே ஆட்கள், அதே வயல், அதே நாற்று. பெயர் மட்டும் அன்றாடக் கூலி. அன்றாடக் கூலியை யாரும் நீக்க வேண்டியதில்லை. மறுநாள் கூப்பிடாமல் இருந்தால் போதும்.

அடுத்த சாட்சி நீதிமன்றத்தில் இருக்கிறது. ஸ்டேட் வங்கியில் தற்காலிகக் காசாளராக இருந்த ஒருவரின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போனது. இந்தத் தேதியோடு வேலை முடியும் என்று அவருடைய நியமன உத்தரவிலேயே எழுதியிருந்தார்கள். எனவே நாங்கள் நீக்கவில்லை, காலம் முடிந்தது என்பது வங்கியின் வாதம். நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு 1976இல் அதை ஏற்கவில்லை. எந்தக் காரணத்தால் வேலை முடிந்தாலும் அது ஆட்குறைப்புதான் என்று சட்டத்தின் வார்த்தைகளை வைத்தே சொன்னது. எட்டு ஆண்டுகள் போயின. 1984இல் சட்டத்தைத் திருத்தி, ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காமல் விட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது என்று ஒரு வரியைச் சேர்த்தார்கள். புதிய சட்டத் தொகுப்பு இன்னும் ஒரு படி போய், 'குறித்த கால வேலை' முடிவதையும் ஆட்குறைப்பிலிருந்து வெளியே வைத்திருக்கிறது. நீக்குதல் என்ற வினையே இல்லாமல் நீக்க வழி கிடைத்துவிட்டது.

மூன்றாவது சாட்சி நம் கண்முன் நடந்தது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள். பல ஆண்டுகள் மாநகராட்சிக்காகத் தெருவைக் கூட்டியவர்கள். அந்த இரண்டு மண்டலங்களின் பணி தனியார் நிறுவனத்துக்குப் போனது. யாருக்கும் வேலை போகாது, நிறுவனத்தில் சேர்ந்து வேலையைத் தொடரலாம் என்றது மாநகராட்சி. சம்பளம் குறைகிறது, பணி நிரந்தரம் என்ற நம்பிக்கை போகிறது, இது வேலை போனதுதான் என்றார்கள் தொழிலாளர்கள். நீதிமன்ற உத்தரவைக் காட்டி ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது.

அந்த 13 நாளும் நடந்த தகராறின் உள்ளே ஒரு சொல் தகராறும் இருந்தது. துடைப்பம் கையில் இருக்கும்வரை வேலை இருக்கிறது என்பது ஒரு பக்கத்தின் அகராதி. யாரிடம், என்ன சம்பளத்துக்கு, என்ன பாதுகாப்போடு என்பதெல்லாம் சேர்ந்ததுதான் வேலை என்பது இன்னொரு பக்கத்தின் அகராதி. நகராட்சியிலும் பேரூராட்சியிலும் 'வெளிமுகமை' என்ற சொல் அரசாணைகளில் வரும்போது, நம் மாவட்டத்துத் தூய்மைப் பணியாளர்கள் இந்த இரண்டு அகராதிகளையும் நினைவில் கொள்ள வேண்டும். துப்புரவுப் பணியில் தலித்துகளே பெரும்பான்மை என்பதால், அந்தச் சொல் முதலில் தட்டுவது நம் கதவைத்தான்.

'கூப்பிடறதில்ல'

ஊரில் வயல் வேலைக்கு ஆட்குறைப்பும் இல்லை, பணிநீக்கமும் இல்லை. அங்கே இருப்பது "கூப்பிடறதில்ல" என்ற ஒரு சொல்தான்.

நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்ததால் கூப்பிடாமல் விடுவது ஒரு வகை. இன்னொரு வகை வேறு. கோயில் திருவிழாவில் ஒரு தகராறு, பொதுப்பாதையில் பிணம் கொண்டுபோனதில் ஒரு பிரச்சினை, சாதி மறுத்து ஒரு திருமணம், போலீசில் ஒரு புகார். மறு வாரத்திலிருந்து காலனியில் யாரையும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். வெளியூரிலிருந்து ஆள் இறக்குவார்கள். இதையும் நம் மக்கள், "இப்பல்லாம் வேலை இல்லீங்க" என்றுதான் சொல்கிறார்கள். வறட்சியால் வேலை இல்லாததும், பழிவாங்க வேலை மறுப்பதும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகின்றன.

இரண்டாவதற்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது: பொருளாதாரப் புறக்கணிப்பு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள்மீது சமூகப் புறக்கணிப்போ பொருளாதாரப் புறக்கணிப்போ செய்வதும், செய்வோம் என்று மிரட்டுவதும் அதன்படி குற்றம். கூலி வேலை தர மறுப்பதும் அதற்குள் அடங்கும். ஆனால் காவல் நிலையத்தில், "வேலை இல்லை ஐயா" என்று சொன்னால் அது வறுமைப் புலம்பலாகத்தான் பதிவாகும். "இந்தத் தேதியில் இந்தச் சம்பவம் நடந்தது. அதற்கு மறுநாளிலிருந்து, வழக்கமாகக் கூப்பிடும் இன்னின்னார் எங்கள் தெருவில் யாரையும் வேலைக்கு எடுக்கவில்லை" என்று சொன்னால் அது புகார்.

யார் வேலையில்லாதவர்?

அரசுப் புள்ளிவிவரத்தில் 'வேலையில்லாதவர்' என்ற சொல்லுக்கும் நம் பேச்சுக்கும் தூரம் அதிகம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் வாராந்திர நிலையைக் கணக்கெடுக்கும்போது, அந்த வாரத்தில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர். ஏழு நாளில் ஒரு நாள் களை எடுத்துவிட்டு ஆறு நாள் வீட்டில் இருந்த பெண் வேலையின்மைக் கணக்கில் வரமாட்டார். வேலையே தேடாமல், கிடைத்தாலும் போகத் தயாராக இல்லாமல் இருப்பவரும் வரமாட்டார். வேலையின்மை விகிதம் குறைந்தது என்று செய்தி வாசிக்கும் மாணவர்கள் இதை மனதில் வைத்து வாசிக்க வேண்டும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தின் சொல் இன்னொன்று: உயிர்ப் பதிவேடு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்தால்தான் அந்தப் பதிவேட்டில் நம் பெயருக்கு உயிர். பதிவு செய்து ஐந்து ஆண்டு காத்திருந்தவருக்குத் தமிழக அரசின் உதவித்தொகை உண்டு. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வயது வரம்பு 45, மற்றவர்களுக்கு 40. இது வேலை கிடைக்காதவருக்கான தொகை.

வேலையை இழந்தவருக்கான வாசல் இ.எஸ்.ஐ.யில் இருக்கிறது. 2005இல் வந்த ராஜீவ் காந்தி பெயரிலான திட்டத்தில், ஆட்குறைப்பாலோ ஆலை மூடலாலோ வேலை இழந்தவருக்கு முதல் 12 மாதம் சம்பளத்தில் பாதியும், அடுத்த 12 மாதம் கால் பங்கும் படியாகக் கிடைக்கும். 2018இல் வந்த அடல் பெயரிலான திட்டத்தில் 90 நாள் வரை பாதிச் சம்பளம். இரண்டுக்கும் குறைந்தபட்சக் காலம் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும் விருப்ப ஓய்வில் போனவருக்கும் இது இல்லை. ஆக, நம் பெயருக்கு எதிரே நிர்வாகம் என்ன காரணம் எழுதுகிறது என்பதுதான் இந்த வாசல் திறக்குமா என்பதை முடிவு செய்கிறது. காலக்கெடுவும் நிபந்தனைகளும் மாறிக்கொண்டிருப்பதால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் உடனே விசாரிப்பது நல்லது.

நூறு நாள் வேலையிலும் இதே கதைதான். வேலை கேட்டு எழுதிக் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்கி, 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையின்மைப் படி தர வேண்டும் என்றது 2005ஆம் ஆண்டுச் சட்டம். முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், பிறகு பாதிக்குக் குறையாமல். அதற்கு மாற்றாக 2025 டிசம்பரில் வந்த சட்டம் 125 நாள் என்கிறது, படியையும் வைத்திருக்கிறது. கூடவே, விவசாய வேலை மும்முரமான காலத்தில் மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கவும் இடம் கொடுத்திருக்கிறது. நாம், "இன்னும் வேலை ஆரம்பிக்கல" என்று சொல்லிக்கொண்டு காத்திருக்கிறோம். வேலை தானாக ஆரம்பிப்பதில்லை. கேட்டோம், தரவில்லை என்று காட்ட ரசீது வேண்டும்.

'வெட்டி' என்ற சொல்

வேலை இழந்து வீட்டில் இருக்கும் இளைஞரை, "வெட்டியா சுத்தறான்" என்கிறோம். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்றால் கூலி இல்லாமல் வாங்கப்பட்ட கட்டாய உழைப்பு. உழைத்தவனுக்கு ஒரு பயனும் இல்லாத வேலை. நம் பெரியவர்கள் சிலர்மீது 'வெட்டியான்' என்று ஊழியப் பெயராகவே அந்தச் சொல்லை ஏற்றி வைத்தார்கள். இன்று அதே சொல்லை, கூலி கேட்டு வேலை தேடும் நம் பிள்ளைகள்மீது நாமே வீசுகிறோம். ஊர் சொல்வது போகட்டும், நம் வீட்டுக்குள்ளாவது இதை நிறுத்தலாம். வேலை மறுக்கப்பட்ட பிள்ளை சோம்பேறி என்று வீடே சொல்லிவிட்டால், மறுத்தவரை யார் கேட்பது?

எப்படிச் சொல்வது

மனு எழுத உதவி கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் வரியை இப்படித்தான் தொடங்குகிறார்கள்: "நான் வேலை இல்லாமல் மிகவும் கஷ்டப்படுகிறேன். தாங்கள் பார்த்து உதவ வேண்டும்." இது கருணை மனு. படித்துவிட்டு அதிகாரி பரிதாபப்படலாம். பரிதாபப்படாமலும் போகலாம்.

அதே மனுவை இப்படி எழுதலாம்: "நான் இந்த நிறுவனத்தில் மூன்று ஆண்டு வேலை செய்தேன். இந்தத் தேதியில் மேற்பார்வையாளர் இன்னார் என்னை வாயிலில் நிறுத்தி, இனி வர வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை. எழுத்தில் எதுவும் தரவில்லை. நான் விலகவில்லை. வேலைக்குத் தயாராக இருக்கிறேன்." இது உரிமை மனு. இதில் யார் இருக்கிறார், எப்போது இருக்கிறது, என்ன செய்தார் இருக்கிறது. எழுவாய் வந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் வந்துவிடுவார்.

இதன் ஒரு நகலைப் பதிவுத் தபாலில் நிர்வாகத்துக்கும், ஒன்றைத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்துக்கும் அனுப்ப வேண்டும். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, பி.எஃப். குறுஞ்செய்தி எதையும் தூக்கிப்போடக் கூடாது. வழக்கு வரை போக வேண்டியிருந்தால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் எல்லாப் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு.

கல்லூரி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அப்பாவோ அக்காவோ, "வேலையில நின்னுட்டேன்" என்று வந்து சொன்னால், அடுத்த வேலை எங்கே என்று கேட்பதற்கு முன், "யார் நிறுத்தினாங்க, என்ன சொன்னாங்க, எதுலயாவது கையெழுத்துப் போட்டீங்களா?" என்று கேளுங்கள். பதிலை அன்றைக்கே தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு ஆண்டு அவகாசம் அன்றைக்கே ஓடத் தொடங்கிவிடுகிறது.